இரண்டு நான்காகும் வரை பொறுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அண்ணனே, மகள்களே, ஆய்வகத்துத் தோழர்களே, யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் கருத்தரிப்பு மையத்தின் மூத்த கருவியலாளர், எனக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்து இத்தனை காலம் வேலை பார்த்தவர், மையம் முழுவதும் ‘பொறுங்கக்கா’ என்று அழைத்த எங்கள் அக்கா, போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் போற்றுவதற்காக நேற்று உட்கார்ந்து ஓர் உரை தயார் செய்தேன். நல்ல உரைதான். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டிய இடங்கள்கூட அதில் இருந்தன. அதை இப்போது மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன்? எனக்கு முன்னால் பேசிய நம் தலைமை மருத்துவரின் உரையை நீங்களும் கேட்டீர்கள். “அக்காவைப் போலப் பணிவான ஊழியரை நான் பார்த்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை” என்றார்.

யாரைச் சொல்கிறீர்கள் சார்?

நான் திரும்பி, மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தேன். மாற்றிக் கீற்றி வேறு யார் படத்தையாவது வைத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். இல்லை, அக்காதான். புதுக் கிளைத் திறப்பு விழாவில் எடுத்த குழுப்படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோளில் தெரிகிற அந்தக் கை என்னுடையது. அக்கா படத்தில் சிரிக்கவில்லை, முறைக்கிறார். யாரை முறைக்கிறார் தெரியுமா? வந்த விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக இன்குபேட்டர் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நம் தலைமை மருத்துவரை. அன்று எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “சார், உள்ள இருக்கிறது ஊறுகாய் ஜாடி இல்ல. கதவைச் சாத்துங்க.”

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவரா அவர்? ஒரு வார்த்தையோடு அவர் நிறுத்தியதே இல்லையே.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த பிறகு, அந்தக் கருவுற்ற முட்டையை ஒரு சிறு வட்டத் தட்டில் துளி நீர்மத்துக்குள் வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்துவிடுவோம். அந்தத் தட்டை நாங்கள் டிஷ் என்போம். உள்ளே அந்த ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டாம் நாள் காலையில் டிஷ்ஷை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அதற்குப் பெயர் பார்வை. பார்வையில் தேறியது கருப்பைக்குப் போகும். தேறாதது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கழிவுக்குப் போகும்.

ஒவ்வொரு செல்லிலும் ஓர் உட்கரு இருக்க வேண்டும். ஒரே செல்லில் இரண்டு உட்கரு தெரிந்தால் அது கெட்டது, சிவப்பு ஸ்டிக்கர். இது எங்கள் மையத்தின் விதி. இந்த விதி வந்தபோது அதனால் பெரிய கேடு எதுவும் இல்லை. ஏனென்றால் அப்போது பார்வை பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் நடக்கும். பெரும்பாலும் நான்கு செல்லாகியிருக்கும்.

பிறகு ஊரின் அந்தக் கோடியில் புதுக் கிளை திறந்தார்கள். தலைமை மருத்துவர் காலையில் அங்கே போக வேண்டும். போவதற்கு முன் இங்கே கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பார்வையை முன்னால் இழுத்தார்கள். வண்டி கிளம்புவதற்கு முன் பார்வை முடிந்திருக்க வேண்டும். வாசலில் டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருப்பார், உள்ளே நாங்கள் டிஷ்ஷைத் திறந்துகொண்டிருப்போம். ஒரு கரு எப்போது இரண்டாக வேண்டும், எப்போது நான்காக வேண்டும் என்பதை எங்கள் மையத்தில் தீர்மானித்தது அந்த வண்டி.

நேரம் மாறிய பிறகு சிவப்பு ஸ்டிக்கர்கள் கூடின. மளமளவென்று கூடின. எல்லோரும் என்ன சொன்னார்கள்? இந்தத் தொகுதி மருந்து சரியில்லை என்றார்கள். வருகிற பெண்களுக்கு வயது கூடிவிட்டது என்றார்கள். ஆம், எது நடந்தாலும் பழி முதலில் பெண்ணின் வயதுமேல்தானே விழும். அக்கா மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “ஏண்டி, முட்டை கெட்டுப் போகலடி. நாமதான் சீக்கிரம் வந்துட்டோம்” என்றார்.

அதோடு நிற்கவில்லை. உள்ளேயே கேமரா பொருத்திய ஓர் இன்குபேட்டர் எங்களிடம் இருந்தது. கதவைத் திறக்காமலே கரு வளர்வதைப் பார்க்கலாம். அதை வாங்கி, வரவேற்பறைக் கண்ணாடிக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி துணியுறை போட்டு வைத்திருந்தார்கள். அக்கா போய் உறையை உருவினார். அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்பு ஸ்டிக்கர் விழுந்த டிஷ்களை, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு, அதற்குள் வைத்தார். காத்திருந்தார்.

என்ன பார்த்தார்? இரண்டு செல்லாக இருக்கும்போது இரட்டை உட்கரு காட்டிய கருக்களில் பல, நான்கு செல் ஆனதும் ஒவ்வொன்றிலும் ஒரே உட்கருவோடு ஒழுங்காக நின்றன. பழுது பார்க்க யாரும் போகவில்லை. அவையே சரி செய்துகொண்டன.

இதை அவர் கூட்ட அறையில் எல்லோருக்கும் விளக்கினார். நானும் இருந்தேன். மேடையில் இருக்கும் மூன்று பேரும் இருந்தார்கள். பாடம் நடத்துவது போலப் பேசவில்லை. வீட்டுக் கதை சொல்வது போலத்தான் சொன்னார்.

“கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் புது வீட்டுக்கு வந்தாச்சு. அவ பெட்டி அந்த மூலையில கிடக்கு, அவன் பெட்டி இந்த மூலையில கிடக்கு. வந்த உடனே யாரும் துணிமணியை ஒரே அலமாரியில கலந்து அடுக்கிட மாட்டாங்க. முட்டைக்குள்ளயும் அப்படித்தான். அம்மா கொடுத்த குரோமோசோம் ஒரு பக்கம், அப்பா கொடுத்தது ஒரு பக்கம். முதல் தடவை பிரியும்போது அதுங்களைப் பிடிச்சு இழுக்கிறதுக்கு ஒரு கதிர்கோல்தான் இருக்கும்னு நாம படிச்சோம். இல்ல. அம்மா பக்கத்துக்கு ஒண்ணு, அப்பா பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டு கட்டுது. எலிக் கருவுல படம் பிடிச்சே காட்டிட்டாங்க. அப்புறம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து, ஒரே திசையில சேர்ந்து இழுக்கணும். கொஞ்சம் கோணலா இழுத்துச்சுன்னா ஒரு செல்லுல ரெண்டு உட்கரு நிக்கும். அடுத்த தடவை பிரியும்போது ஒரே கதிர்கோல்ல எல்லாம் ஒண்ணா வந்துடும். சில சமயம் வராது. வராததை நானும் பார்த்திருக்கேன். ஆனா வந்த அன்னைக்கே பெட்டி தனித்தனியா இருக்குன்னு சொல்லி அந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு விவாகரத்து பண்ணி வெச்சிடுவீங்களா சார்?”

அறையில் சிரிப்பு எழுந்தது. தலைமை மருத்துவர் சிரிக்கவில்லை. “பாட்டிக் கதை வேண்டாம், விஞ்ஞானி மாதிரி பேசுங்க” என்றார்.

விஞ்ஞானி மாதிரி! படம் வைத்துக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர் விஞ்ஞானி இல்லை. படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவர் விஞ்ஞானி. அப்படித்தானே?

அக்கா அமைதியாகச் சொன்னார். “எல்லாம் தேறும்னு நான் சொல்லல சார். எது தேறும்னு அதுக்கே தெரியறதுக்கு முன்னாடி தூக்கிப் போடாதீங்கன்னுதான் சொல்றேன். பார்வையைப் பின்னால தள்ளுங்க. அவ்வளவுதான். உங்களுக்கு வண்டி கிளம்பணும்னா நீங்க கிளம்புங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்.”

அவர் கேட்டது என்ன? புது இயந்திரமா? புதுக் கட்டடமா? பதவியா? கொஞ்ச நேரம் கேட்டார். அவருக்கு இல்லை, முட்டைக்குள் இருக்கும் ஓர் உயிருக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. கேமரா இன்குபேட்டர் மறுபடியும் வரவேற்பறைக்குப் போயிற்று. உறையையும் மாட்டிவிட்டார்கள். நேற்று வரும்போதுகூடப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. அதன் மேல் ஒரு பூச்சட்டி வேறு வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு வெல்டர் தம்பியையும் அவர் மனைவியையும் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வந்திருக்கிறார்கள். சொல்லலாம் என்று அவர்களே அனுமதி கொடுத்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களுக்கு ஒரே ஒரு கருதான் கிடைத்தது. அதற்குப் பிறகு முயல அந்தப் பெண்ணின் உடம்பு இடம் கொடுக்காது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. காலைப் பார்வையில் இரண்டு செல், அதில் ஒன்றில் இரண்டு உட்கரு. ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. வரவேற்பறையில் அவர்களிடம், “இந்தத் தடவை எதுவும் தேறல, பணம் கட்டின ரசீதை மட்டும் வாங்கிட்டுப் போயிடுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள்.

தேறவில்லையா? அது இன்னும் உள்ளே இருந்தது. உயிரோடு இருந்தது. அவர்களிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் இறங்கி ஓடினார். வாசலில் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தினார். “பொறுங்க. இன்னும் முடியல. கரு இருக்கு. ஆனா நல்லா வரும்னு உறுதி சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம். தூக்கிப் போடட்டுமா, பார்க்கட்டுமா? நீங்கதான் சொல்லணும்.” அந்தப் பெண் “பாருங்கக்கா” என்றாள்.

இந்தக் குற்றத்துக்குத்தான் அவரை மேல்மாடிக்கு அனுப்பினார்கள். நோயாளிகளிடம் நேரடியாகப் பேசினார், நிர்வாகத்தின் முடிவில் மூக்கை நுழைத்தார். மூத்த கருவியலாளரை, மனிதக் கருவின் முதல் பிரிவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவரை, மாடியில் சாமான் அறையில் உட்காரவைத்து, கையுறைப் பெட்டி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, காற்று வராத ஜன்னல். அங்கே இருந்தபடியேதான் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இந்த மையம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவர் அண்ணனே இங்கே இருக்கிறார், அந்தக் குடும்பத்தில் இதய நோய் உண்டு. பொய் சொன்னால் அக்காவே எழுந்து வந்து என்னைத் திட்டுவார். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கவில்லை. அதை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். அதை மட்டும் சொல்கிறேன். அதை யாராலும் பூசி மெழுக முடியாது.

அந்தக் கரு என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் ஒரு குழந்தையை எதிர்பார்க்கிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நானும் எதிர்பார்த்தேன். அது நான்கு செல்லாயிற்று. நான்கிலும் ஒவ்வோர் உட்கரு, பார்க்கவே அழகாக இருந்தது. பிறகு எட்டாவதற்கு முன் நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரியாத ஏதோ காரணம். நின்றுவிட்டது.

மறுநாள் தலைமை மருத்துவர் ஆய்வகத்துக்குள் வந்து, “பார்த்தீங்களா, நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் காதால் கேட்டோம். ஒரு தம்பதியின் கடைசிக் கரு நின்றுபோன அன்று, ஒரு மனிதருக்கு வெற்றிக் களிப்பு வந்தது.

சார், நீங்கள் அதை மறந்திருக்கலாம். நாங்கள் மறக்கவில்லை.

அதே வாரம் அந்த வெல்டர் தம்பி மாடிக்கு வந்தார். நான் கையுறை எடுக்கப் போயிருந்தேன், அதனால் கேட்டேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். “அக்கா, நீங்க கூப்பிட்டு நிறுத்தலேன்னா நாங்க வாழ்நாள் பூரா அதையே நினைச்சிட்டு இருந்திருப்போம். இருந்துச்சோ, இல்லையோ, தூக்கிப் போட்டுட்டாங்களோன்னு. அது தன்னால முடிஞ்ச அளவுக்கு வளர்ந்து, அதுவா நின்னுச்சுன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அழுது முடிச்சுட்டோம். இப்போ தூங்குறோம்.”

அவர் போன பிறகு அக்கா ஒரு கையுறைப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, “இதுக்குத்தாண்டி பொறுக்கச் சொல்றேன். குழந்தை வரணும்னு மட்டும் இல்ல” என்றார்.

குழந்தையும் வந்திருக்கிறது. கேமரா இன்குபேட்டர் உள்ளே இருந்த அந்தச் சில வாரங்களில் சிவப்பு ஸ்டிக்கரிலிருந்து அவர் திரும்ப எடுத்து, தேறியவையாகக் கருப்பைக்கு அனுப்பிய கருக்களில், இன்று பால்குடிக்கிற பிள்ளைகளும் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். நம் மையத்தின் விளம்பரப் பலகையில் சிரிக்கிற குழந்தைப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்று, சார், நீங்கள் உங்கள் வாயால் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எது என்று இன்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருங்கள்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பரவாயில்லை, வண்டி காத்திருக்கட்டும். முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இன்று காலை அவரிடம் கேட்டேன், அக்கா வீட்டில் எப்படி என்று. “வீட்டுல மட்டும் வேறயா இருப்பாளாம்மா? அடுப்புல வெச்சதை மூடியைத் திறந்து திறந்து பார்த்தா கரண்டியால அடிப்பா. நான் பஸ்ஸை எடுக்கும்போதுகூடப் பின்னால ஓடி வர்றவங்களைக் கண்ணாடியில பார்த்தியான்னு கேட்பா. ‘ஒரு நிமிஷம் நின்னா உன் டிப்போ இடிஞ்சா விழுந்துடும்?’னு கேட்பா” என்றார். இத்தனை காலம் பேருந்தை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் இந்த மனிதர். அவருடைய டிப்போ இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்கும் ஓர் இடத்தில், பொறுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் இழந்திருக்கிறோம். பணிவானவரை இழக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தவரை இழக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் எந்த மையத்திலும் நிறையக் கிடைப்பார்கள். கேட்டவரை, தடுத்தவரை, படியிறங்கி ஓடியவரை இழந்திருக்கிறோம். அவரைச் சாதுவாக்கி, வாயில்லாப் பூச்சியாக்கி, இந்தப் படத்துக்குள் அடைக்காதீர்கள். முறைக்கிற முகத்தோடேயே அவர் இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. அதற்கு முன் ஒன்று சொல்கிறேன். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், இந்தக் கூடத்துக்குக் கீழ்த்தளத்தில், நம் ஆய்வக இன்குபேட்டருக்குள், சில முட்டைகளில் இரண்டு கதிர்கோல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும். சில நேராக இழுக்கும், சில கோணலாக இழுக்கும். நாளைக் காலைப் பார்வை என் முறை. இரண்டு செல்லில் இரட்டை உட்கரு தெரிந்தால் நான் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். மூடி உள்ளே வைப்பேன். அதன் தாய்க்கும் தந்தைக்கும் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்வேன், அவர்கள் பொறுக்கச் சொன்னால் நான்காகும் வரை பொறுப்பேன். அந்தப் பூச்சட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உறையை உருவி, கேமரா இன்குபேட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வருவேன். இது அக்காவுக்கு நான் செய்யும் அஞ்சலி.

அதற்காக என்னையும் மாடிக்கு அனுப்பலாம். போகிறேன். அங்கே அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

நாளை மறுநாள் யார் முறை? ஆய்வகத் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளை மறுநாள் யார் முறை?

நன்றி. அங்கே ஒருவர் எழுந்துவிட்டார். அதற்கடுத்த நாள்? நன்றி, தங்கச்சி. அதற்கடுத்து? கருக்களை உறையவைத்துக் காக்கும் உறைநிலைப் பிரிவிலிருந்து இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். வரவேற்பறைத் தோழி, உனக்குப் பார்வை முறையே கிடையாதே, நீ ஏன் எழுந்தாய்? சரி, நில். நீ இனிமேல் யாரிடமும் ‘தேறல’ என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

சார், ஒரே ஒரு சந்தேகம். மாடி அறையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. எங்கள் எல்லோரையும் எங்கே உட்காரவைப்பீர்கள்?